ரிவர்ஸ் விழாத கார்

"ரிவர்ஸ் மட்டும் விழாது சார். முன்னேறப் போற ஆளுக்கு அது எதுக்கு?" என்று சொல்லித்தான் புரோக்கர் அந்தப் பழைய காரை என் தலையில் கட்டினார். அதில்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். பெண் வீடு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. வாசலில் போய் நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுகந்தி காபி கொடுக்கும்போதும் நிமிராமல் என் கால் கட்டைவிரலையே பார்த்தாள். முகம் சரியாகத் தெரியாமலே எனக்குப் பிடித்துப்போயிற்று. "வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்றோம்" என்று அம்மா எழுந்தாள். போவதுதான் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அதுவரை 'மாப்பிள்ளை' என்று அழைத்துக்கொண்டிருந்த சுகந்தியின் அப்பா, "வண்டியே பாத்து வாங்கத் தெரியலையே, தம்பி" என்றார். மாப்பிள்ளை தம்பியானதும் சம்பந்தம் கைநழுவுவது தெரிந்தது.

காரை முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நாலடி தள்ளுவதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு மூச்சு வாங்கவே, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுகந்தியும் வந்தாள். பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி நிமிர்ந்தாள். எங்களுக்கு நடுவில் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

"என்னை ஏன் பாக்குறீங்க? பின்னாடி பாருங்க!" என்றாள்.

பார்த்தேன். தெருமுனை வந்துகொண்டிருந்தது. மெல்ல பிரேக்கை மிதித்தேன்.

"என்னம்மா இது, நகரவே மாட்டேங்குது?" என்று திணறினார் அப்பா.

அவள் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தாள்.

"பழைய வண்டிப்பா, அப்படித்தான் இருக்கும்" என்றாள், தள்ளாமலே.