மூன்றாம் இலக்கம்

முதலில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்கள் பெயரை எழுதாமல் இலக்கம் போட்டான். அடுத்து, சுதந்திரம் வந்ததும் வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் பெயரை வெட்டினார்கள். பிறகு, நாங்கள் பட்டினி கிடந்து நடத்திய வேலைநிறுத்தங்களுக்குத் தலைவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

நாலாவது ஆள், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பிறந்து கம்பஸில் விரிவுரையாளரான ஜீவராணி.

குளவிக் கொட்டுப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாள். தோட்டத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டால் அது மனுவோடு தொழில் திணைக்களத்துக்குப் போகும். ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவிக்கூடுகளை அகற்ற வைக்கலாம்.

கட்டுரையின் கடைசியில், எடுத்தாண்ட எழுத்துகளுக்கு இலக்கம் போட்ட ஆதாரப் பட்டியல். அதில் என் பெயரைத் தேடினேன். குளவிக் கொட்டுக்கு எதிராக முதல் நோட்டீஸ் அடித்த சங்கத்து ஆள் நான். என் பெயர் இல்லை. மூன்றாம் இலக்கத்தில் ஜீவராணியின் பெயர் கண்ணில் பட்டது. அதற்கு மேல் அந்த வரியை வாசிக்கவில்லை. அந்த இலக்கத்தைக் கட்டுரைக்குள் பதினான்கு இடத்தில் போட்டிருந்தாள்.

கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்கியதும் எழுந்தேன்.

"ஒருத்தரும் பேனாவத் தொடாதீங்க! இது ஆராய்ச்சி இல்ல, சுயவிளம்பரம். தான் எழுதுனதயே பதினாலு தடவ சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கு இந்தப் புள்ள."

"தன் கல்யாணத்துக்குத் தானே மேளம் அடிச்சிருக்கா?" என்றாள் கொழுந்தெடுக்கும் வினோதா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜீவராணி கோபப்படவில்லை.

"கலண்டர் பின்பக்கத்துல எழுதுனத கம்பஸ்ல ஆதாரமா ஏத்துக்க மாட்டேன்னுட்டாங்க தோழர். அச்சுல வந்தாத்தானாம். அதுக்காகவே அந்த மூணாம் இலக்கத்து முன்கட்டுரைய ரெண்டு பேராச் சேந்து போட்டோம்."

"எந்தக் கலண்டர்?"

"எந்த மலை, எந்த நாள், யாருக்குக் கொட்டுச்சுன்னு பன்னெண்டு வருஷம் குறிச்சு வச்சது. உங்க நோட்டீசும் அதப் பாத்துத்தானே எழுதுனீங்க?"

நான் ஆதாரப் பட்டியலைப் புரட்டினேன்.

"ரெண்டு பேர்னா, இன்னொருத்தர் யாருடீ?" வினோதா விடவில்லை.

"தோழரே வாசிக்கட்டும். அவரு குரல்தான் கடைசி வரிசைக்கும் கேக்கும்."

கண்ணாடியை மாட்டினேன். என் நோட்டீஸின் அடியில் இருந்தது ஒரே பெயர், அது என்னுடையது. இந்த மூன்றாம் இலக்கத்தில் ஜீவராணி இரண்டாவதாக இருந்தாள். முதல் பெயருக்கு உரியவள், அந்தக் கலண்டர்க்காரி, போன வாரம் குளவி கொட்டி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"சின்னத்தம்பி மீனம்மா."