நாலு மணிப் புகார்

"இது ரொட்டியா, செங்கல்லா? சுவர் கட்டவா விக்கிறீங்க?"

பில் போடும் மேசையில் ரொட்டி பொத்தென்று விழுந்தது. பால் அலமாரியில் தேதி பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மணி நாலு. பட்டாசு வந்துவிட்டது.

கடையில் எல்லோருமாகச் சேர்ந்து அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் அது. இரண்டு வாரமாக நாள் தவறாமல் வருகிறாள். நேரே பில் போடும் பெண்ணிடம் போய் வெடிப்பாள். ஏழு மாத வயிற்றோடு நிற்கிறவளிடம்!

"மன்னிச்சுக்குங்கம்மா, வேற ரொட்டி எடுத்துத் தரேன்."

"வேறயும் வேணாம், ஒண்ணும் வேணாம். எடு அந்தப் புகார்ப் படிவத்தை. நான் சொல்லச் சொல்ல எழுது."

மேலாளருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. நேற்று வாசல் மணி ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று ஒரு புகார். முந்தாநாள், விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று. வேலை வெட்டி இல்லாதவளுக்கு வாயாவது ஓய்ந்திருக்கக் கூடாதா?

"மேடம், கொஞ்சம் இங்க பார்த்துக்கறீங்களா?" என்று அந்தப் பெண் மேலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வேறு வழியில்லை. பத்துப் பன்னிரண்டு நாடுகளில் கடை வைத்திருக்கிற கம்பெனி. அத்தனை கடைக்கும் ஒரே விதிப்புத்தகம். புகாரைக் கேட்ட ஊழியரேதான் எழுத வேண்டும். பின்னறையில் வாடிக்கையாளரை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், அவர் போதும் என்கிறவரை எழுத வேண்டும். பட்டாசுக்குப் போதும் என்ற சொல் அரைமணிக்கு முன்னால் வாயில் வந்ததில்லை.

இருவரும் உள்ளே போனார்கள். மேலாளர் பில் மேசைக்கு வந்து நின்றாள்.

"என்ன மேடம், இன்னைக்கும் பட்டாசா?" தினமும் தண்ணீர் பாட்டில் வாங்க வரும் டிரைவர் சிரித்தார். "உங்க கடையில மட்டும்தான் வேடிக்கை இலவசம்."

"சிரிக்காதீங்க அண்ணே. வயித்துல இருக்கற பிள்ளைக்கே காது அடைச்சிருக்கும்."

டிரைவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு போனார். மேலாளர் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. ஒரே ஊழியர் இத்தனை புகார் வாங்கினால் கடையின் பெயர் என்னாவது? இனி ஒரு புகார் வந்தாலும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடவும்.

அதை இன்னும் அந்தப் பெண்ணிடம் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது? இன்னும் ஆறு வாரம் ஓட்டிவிட்டால் பிரசவ விடுப்பு கிடைக்கும். இப்போது நிறுத்தினால் அதுவும் இல்லை, வேலையும் இல்லை. இத்தனைக்கும் படிவத்தில் 'ஊழியர் நடத்தை' என்ற கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் 'குறையில்லை' என்றே இருக்கும். எழுதுவது அந்தப் பெண்தானே. தன் மேல் சொன்னதைப் பயத்தில் மறைக்கிறாள், பாவம் என்று மேலாளர் நினைத்துக்கொள்வாள்.

நின்ற இருபது நிமிஷத்தில் அவளுக்கே இடுப்பு கடுத்தது. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. அதைத் தள்ளப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆய்வுக்கு வந்தவர் இந்த மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். உட்கார்ந்திருக்கும் ஊழியர் சோம்பேறியாகத் தெரிவாராம். அந்த ஸ்டூலைத் தூக்கிக் கிடங்கில் போட்டது வேறு யாருமில்லை, இவள்தான். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

தன்மேல் வரும் கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பட்டாசு கைக்கு வாகாகக் கிடைத்தாள்.

இன்றைக்கு விடக் கூடாது. அந்தப் படிவத்தைப் பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே கிழித்துப் போட வேண்டும். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசினால் மேலாளர் வேலையும் போகும். போகட்டும்.

கடையில் ஆள் ஓய்ந்ததும் விறுவிறுவென்று பின்னறைக்கு நடந்தாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'நீயும் ஒரு பிள்ளையைச் சுமந்தவதானே? உன் வீட்டுப் பொண்ணுன்னா இப்படி வாட்டுவியா?'

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வெடிச்சத்தம் இல்லை. கதவைத் தள்ளக் கை வைத்தபோது அந்தப் பெண்ணின் குரல் கூச்சத்தோடு மெல்லக் கேட்டது.

"கால் அமுக்கிவிட்டது போதும் அத்தை, நான் போய் நிக்கறேன்."