தொய்யாத கயிறு

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் ஓரத்தில், மூன்று இரும்புத் தகடுகளை மூலை சேர்த்துப் பற்றவைத்த ஒரு பெட்டியை மண்சரிவை அளக்கும் ஆபீஸ்காரர்கள் வானம் பார்க்க நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ரேடார் செயற்கைக்கோள் அந்த மலையைப் படமெடுக்கும். மேகம் மூடினாலும் பெட்டி படத்தில் வெள்ளைப் புள்ளியாக மினுங்குமாம். உள்ளே விழும் சருகை அள்ளிப்போடுவது கடைசி வீட்டுத் தங்கபாக்கியத்தின் வேலை. அன்று காலை மழைக்கு நடுவே ஆபீஸிலிருந்து போன் வந்தது.

“பொட்டி நாலு விரக்கடை பள்ளத்துப் பக்கம் நகந்திருக்குன்னு படம் காட்டுதும்மா. யாராச்சும் இடிச்சாங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “சத்தியமா யாரும் தொடல சார். நீங்க கூடாதுன்னீங்க, ஆனா அதோட கால்லதான் துணிக்கொடி கட்டியிருக்கேன். இன்னொரு முனை எங்க வீட்டுத் தூண்ல. நகந்திருந்தா கயிறு தொய்ஞ்சிருக்கணும், இல்ல அறுந்திருக்கணும். கட்டுன மாதிரியே வெறைப்பா நிக்குது.”

“அப்ப கணக்குலதான் தப்பு. அந்தப் புள்ளிய எடுத்துர்றேன்” என்று அவர் நிம்மதியாகப் போனை வைத்தார்.

பழி நீங்கிய தெம்பில் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக் குழாய்க்கு ஏறினாள். மேல்படியில் கால் இடறியது. ரோட்டோடு ஒட்டியிருந்த படிக்கும் ரோட்டுக்கும் நடுவே இப்போது ஓர் இடைவெளி. குனிந்து விரல்களை விட்டுப் பார்த்தாள். நாலும் நுழைந்தன.

இடுப்பிலிருந்த போனை எடுத்து ஆபீஸுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கீழே, மழையில், பதினொரு வீடுகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கொடிகளில் ஒன்றுகூடத் தொய்யவில்லை.