சொல்லக் கூடாத பதில்

"அருளு இங்க இருக்கானாம்மா?"

கேட்டுவிட்டு முருகையன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, மடிப்புக் கலையாமல் தேய்த்தது. வேங்கிக்காலில் இருக்கும் அந்தக் குடிபோதை மறுவாழ்வு மையத்துக்கு, பௌர்ணமிக்கு மறுநாள் தவறாமல் இப்படி மகனைக் கேட்டு வந்துவிடுவார்.

மேசைக்குப் பின்னால் இருந்த சிந்துஜா ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு தடவையும் அவரிடம் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்: இருக்காரா இல்லையான்னு நாங்க சொல்லக் கூடாதுங்கய்யா.

அவள்தான் என்ன செய்வாள், பாவம்? சிகிச்சை பெறுவோரின் உரிமைகளும் பொறுப்புகளும் என்று அவள் தலைக்குமேல் ஒரு பலகையே மாட்டியிருக்கிறது. அதில் மூன்றாவது வரி, ஒருவர் இங்கே இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்கிறது.

மையத்தின் டாக்டர் தேவிப்ரியா முதல் நாளே இதை விளக்கியிருந்தார். இங்கே இல்லாதவரைக்கூட இல்லை என்று சொல்லிவிடக் கூடாதாம். நாலு பேரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு ஐந்தாவது ஆளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டால், அவர் தேடி வந்தவர் உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்துபோகும் இல்லையா? நியாயமான சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சட்டம் போட்டவர்கள் யாரும் இந்த மேசையில் உட்கார்ந்து ஒரு தகப்பன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

வேறு யாராவது இந்தப் பதிலைக் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். முருகையனும் ஒரு காலத்தில் சண்டை போட்டவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் அருள்ராஜ் வீட்டில் சொல்லாமல் இங்கே வந்து சேர்ந்தான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டான். தேடி வந்தவருக்கு இதே பதில்தான் கிடைத்தது. கேட்டில் நின்று வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, குடியை விட்டுத் தெளிந்த முகத்தோடு, இதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றானாம். "நான் திட்டினப்போ உள்ளேதாம்மா இருந்திருக்கான்" என்று அதை அவரே சிந்துஜாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போதெல்லாம் சண்டையே கிடையாது. அவள் பதிலைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிடும். "அது போதும்மா" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை அவள் மனசு கேட்காமல், சட்டையை வேண்டுமானால் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் அவசர அவசரமாக அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாசம் எடுத்துனு வரேன் என்று போய்விட்டார்.

இன்று அவர் வந்திருக்கும் கோலத்தைத்தான் பார்க்க முடியவில்லை. நேற்று தீபம். இன்னும் கூட்டம் குறையவில்லை, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் வந்தவர்களுக்குச் சுக்குக் காபி விற்ற கையோடு அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. கூட்டத்தில் யாரோ மிதித்து அறுந்துபோச்சாம்.

சிந்துஜா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தக் கால் விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஆறு மாதமாக அவள் கட்டிவைத்திருந்த பொறுமை கரைந்துபோனது.

ஏனென்றால் உள்ளே இருக்கும் இருபத்திரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும். அதில் அருள்ராஜ் என்று ஒருவன் கிடையாது. எங்கே எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறானோ, இந்த மனுஷர் இங்கே இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு அவனைத் தேடாமலே இருக்கிறாரே. எல்லாம் நம்முடைய பதிலால் வந்த வினைதானே என்று தோன்றியது.

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா உங்களைப் பாத்துட்டு சொல்லாம இருக்க முடியல. அருள்ராஜ் இங்க இல்லைங்க. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்தே இல்ல."

அழுவார், இல்லை சத்தம் போடுவார் என்று நினைத்தாள். முருகையன் இரண்டும் செய்யவில்லை. குடிக்காத தண்ணீரை அப்படியே மேசைமேல் வைத்தார். அவள் பதிலைக் கேட்டதும் தெளியும் அந்த முகம் இன்று கறுத்துப்போய்விட்டது.

சிந்துஜா பதறிப்போனாள். எப்போது வீட்டைவிட்டுப் போனான், போட்டோ இருக்கிறதா, உடனே போலீசில் எழுதிக் கொடுக்கலாம், வேலூரில் இருக்கிற மையங்களுக்கு நானே போன் போடுகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"தேட வேணாம்மா" என்றார் அவர். "போன தை மாசம் மறுபடியும் குடிச்சிட்டு வந்து படுத்தான். காலையில எழுந்துக்கல. நான்தான் கொள்ளி வெச்சேன்."

அப்படியென்றால் மாசாமாசம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள்.

முருகையன் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஊரே அவன் இல்லன்னுடுச்சும்மா. நீங்க மட்டும்தான் அப்படிச் சொல்லாம இருந்தீங்க."