ஜோடி இல்லாத லோடு

சுவர் அகலத் திரையில் ஒரு சிவப்புப் பட்டை தடித்து நின்றது. நிர்வாக இயக்குநரின் முகம் அதற்குச் சளைக்கவில்லை.

"கிடங்கிலிருந்து நூறு பெட்டி மின்விசிறி கிளம்புது. கடைகளுக்கு எழுபதுதான் போய்ச் சேருது. மின்விசிறிக்கு இறக்கை இருக்குதான்யா, அதுக்காகப் பறந்தா போயிடும்?"

கிடங்குப் பொறுப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், நான் எதுவும்..."

"நான் சொல்லலை. டேட்டா சொல்லுது."

ஒரு மாநாட்டுக்குப் போய்வந்ததிலிருந்து இயக்குநர் எதையுமே சொல்வதில்லை. எல்லாவற்றையும் டேட்டாதான் சொல்கிறது.

"போலீசைக் கூப்பிடுங்க" என்று டேட்டாவின் சார்பில் செயலாளரிடம் உத்தரவிட்டார்.

"போலீஸ் வந்தா தெருவுல தலைகாட்ட முடியாது சார்!" பொறுப்பாளருக்கு அழுகை முட்டியது.

திரைக்கு மென்பொருள் போட்டுக்கொடுத்த நிபுணர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம் சார். கிடங்குப் பட்டியலையும் கடைப் பட்டியலையும் லோடு நம்பரை வெச்சு இணைச்சிருக்கோம். கடைக்காரங்க வந்த சரக்கை வாரக் கடைசியிலதான் பதியறாங்க. அதுவரைக்கும் அவங்க பட்டியல்ல அந்த லோடே கிடையாது. மென்பொருள் அதைக் காணாமப் போனதா எடுத்துக்குது."

அதாவது, கடைகளில் சமர்த்தாக இறங்கியிருந்த லோடுகளை எல்லாம் திரை திருட்டுக் கணக்கில் சேர்த்திருந்தது.

"சரிபண்ண முடியுமா?"

"சின்ன வேலை சார். ரெண்டு பட்டியல்லயும் இருக்கிற லோடு மட்டும் வரட்டும்னு மாத்திடறேன். ஜோடி இல்லாதது திரையில ஏறாது."

மௌசை ஒரு தட்டு. சிவப்பு வற்றி, திரை முழுக்கப் பச்சை பரவியது.

"ஓரத்துல மெலிசா ஒரு சிவப்புக் கோடு தெரியுதே?"

"தசமப் புள்ளி விவகாரம் சார். ரவுண்டிங்."

இயக்குநர் தசமப் புள்ளி வரைக்கும் இறங்கிவருகிற ஆள் இல்லை. எழுந்துவந்து பொறுப்பாளரின் தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காதீங்க. டேட்டா தப்பாச் சொல்லிடுச்சு."

இப்போதும் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபுணரின் கையைப் பிடித்தார். "தெய்வம் மாதிரி வந்தீங்க சார். இனிமே இந்த ஜோடி இல்லாத லோடால எனக்குத் தொந்தரவு வராதே?"

"வரவே வராதுண்ணே. அப்படி ஒரு லோடு இருக்கிறதே திரைக்குத் தெரியாது. நிம்மதியாப் போங்க."

எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாகத்தான் போனார். வாசலைத் தாண்டியதும், கம்பெனி லாரி ஓட்டுகிற மைத்துனனை ஃபோனில் பிடித்தார்.

"மாப்ளே, பெட்டி பெட்டியா இறக்கினது போதும். இனிமே லாரியோட வீட்டுக்கு வந்துடு!"