ஏழு ஈற்று கண்ட பூனை

“குட்டி போடுமா சார்?” என்று கைப்பேசியில் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டது அந்த ஆள்.

நீலவால் இனி ஒரு குட்டிகூடப் போடாது என்பது கண்ணாடிக்காரருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இன்றைக்கு அதை யார் தலையிலாவது கட்டியே ஆகவேண்டும்.

நீலவால் பால் குடிக்காது, மியாவ் என்று கத்தாது. கைப்பேசிக்குள் மட்டுமே வாழும் பூனை அது. கிரிப்டோ கொடுத்து வாங்க வேண்டும்; இன்னொரு பூனையோடு ஜோடி சேர்த்தால் குட்டி வரும்; குட்டியை விற்றால் லாபம். ஆனால் ஒரு பூனைக்கு ஏழு ஈற்றுதான். அதற்குமேல் அது வெறும் படம். இந்த விதி விற்பனைப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் கிடக்கும். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிறவர் நம் கண்ணாடிக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைத் தெளிவாக்குகிறவருக்கு ஆசை வந்தபோது கண் மறைத்துவிட்டது. மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்கென்று பீரோவில் ஒரு டப்பாவில் பணம் வைத்திருந்தார்கள். ‘ரெண்டே ரெண்டு குட்டி, திரும்ப வச்சுடலாம்’ என்று அதை எடுத்துப் பூனைகளில் போட்டார். பூனை விலை கிணற்றில் விழுந்த கல்லாக உள்ளே போனது.

நாளைக் காலையில் ஆபரேஷன். இன்று சாயங்காலம் மனைவி டப்பாவைத் திறப்பாள். அப்போது அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுபடி கைப்பேசி அதிர்ந்தது. ‘புதுசு’ என்ற பெயரில்தான் அந்த ஆள் எழுதுவது.

“அந்தப் பச்சை வால் பூனைதானே சார்? இதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. செல்போன் கடைப் பொண்ணு சொல்லிக் குடுத்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். உங்களை நம்பித்தான் வாங்குறேன்.”

நீலத்தைப் பச்சை என்கிறதே, சரியான அப்பாவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். “ஏழு ஈற்று கண்ட பூனைங்க, ராசிக்காரி” என்று தட்டி அனுப்பினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

“அப்ப முடிச்சுடலாம் சார்.”

முடிந்தது. கிரிப்டோவைக் கையில் காசாக மாற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் டப்பாவை நிரப்பி வைத்தார். அப்பாடா என்று உட்காரும்போது இன்னொரு செய்தி வந்தது.

“ரொம்ப நன்றி சார். உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்.”

சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாப்பாட்டு மேஜையில் அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

“என்னங்க, தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ஆபரேஷன் எங்கம்மாவுக்கா, உங்களுக்கா?” என்றாள் மனைவி.

“சும்மா இருடி. என் செலவை நெனச்சுக் கவலைப்படறாரு மாப்பிள்ளை. பெத்த புள்ள இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டான்” என்றாள் மாமியார்.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. சம்பளம் வந்ததும் அந்த அப்பாவிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

மனைவி ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்க உள்ளே போனாள். மாமியார் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டு, மேஜைமேல் கையை வைத்தாள். கை மொட்டையாக இருந்தது.

“அத்தை... வளையல் எங்க?”

“வித்துட்டேன்” என்றாள் மாமியார், தலையைக் குனிந்துகொண்டு.

டப்பா காலியாகக் கிடந்ததை இந்த அம்மாள் முன்பே பார்த்துவிட்டாள்! மருமகன் மானம் போகக்கூடாதென்று, வாய் திறக்காமல் வளையலை விற்றிருக்கிறாள்! வெட்கத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது.

“அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. நான் ஒரு பெரிய தப்பு...”

“உஸ்... மெதுவா! அவ காதுல விழுந்தா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா. நீங்க என்ன தப்புப் பண்ணீங்க? பண்ணது நான். எத்தனை நாளைக்குத்தான் உங்க தலையில பாரமா உக்காந்திருக்கறது? ஆஸ்பத்திரிச் செலவை நானே உங்க கையில குடுத்துடணும்னு ஒரு காரியம் பண்ணிட்டேன். கேட்டா சிரிப்பீங்க. எனக்கே வெக்கமா இருக்கு.”

கைப்பேசியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்த் தடவித் தடவி எதையோ திறந்தாள். பிறகு அவர் பக்கமாகத் திருப்பினாள்.

“இந்தப் பச்சை வால் பூனை எப்ப மாப்பிள்ளை குட்டி போடும்?”