கேப்டனின் மூச்சு

கால்பந்து அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்தப் பழைய தோல்பந்தை, கதவு திறப்பதற்கு முன் தினமும் காவலாளி ஜெரோம்தான் வாயால் ஊதி நிரப்புவார். பம்பு வைத்தால் உள்ளே இருக்கிற ரப்பர்ப் பை கிழிந்துவிடும். ஊதி, பையின் கழுத்தை முடிந்து, தோலுக்குள் தள்ளி, வாரை இழுத்துக் கட்டுவதற்குள் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். இனி எதையும் ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிறகு கூட்டம் வரும். "கப்பல்ல வந்த வெள்ளக்காரங்க பொழுதுபோகாம ஒதச்ச பந்த, இன்னிக்கு உலகமே ஒதைக்குது. அவங்கள மொத மொத ஜெயிச்ச நம்ம கேப்டன், தன் வாயால ஊதுன பந்து இது. உள்ள இருக்கறது இன்னும் அவரு மூச்சுதான்" என்பாள் வழிகாட்டி தமயந்தி. அவள் அதை முழுசாக நம்பினாள். சிலர் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

அன்று பாதி ஊதியதுமே ஜெரோமுக்கு மூச்சு வாங்கியது. அப்படியே முடிந்து வைத்துவிட்டார். அமுங்கிக் கிடந்த பந்தைப் பார்த்துத் தமயந்தி பதறினாள்.

"அண்ணே, கேப்டன் மூச்சு போவுதுண்ணே."

"போவட்டும்மா. எத்தன நாளைக்குத்தான் புடிச்சு வைக்கிறது."

அவள் கண் கலங்கியதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, வாரை அவிழ்த்து, ரப்பர்க் கழுத்தை உதட்டில் வைத்து முடிச்சைத் தளர்த்தினார். உள்ளிருந்த காற்று அவர் வாய்க்கே திரும்பி வந்தது. அதில் அவர் சப்பும் இருமல் மிட்டாய் வாசம் அடித்தது.

வெளியே கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெரோம் இன்னும் ஊதத் தொடங்கவில்லை. கண்ணை மூடி அந்தக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.